கம்பி பிடித்தவள்

"இழுத்துப் பிடி. இன்னும் கொஞ்சம். ம், அப்படியே வச்சுக்க. சுத்துறேன்" என்று கட்டிலிலிருந்து அவர் சொன்னார். அறைவாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஈரத்துணியை மடித்து, கம்பியை அதற்குள் வைத்து விரல்களை மூடினாள். அறைக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், கம்பி விறைத்து நின்றது. ரீலின் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் மூச்சு வாங்கினார். மறுபடி சுற்றியது.

சமையலறையிலிருந்து வந்த அவருடைய அக்கா கம்பிக்கு முன்னால் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா பிசிறு, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, இல்ல உன் பொண்டாட்டிக்கா? படுத்துக் கிடக்குற மனுஷன் கையில யாராவது வேலையக் கொடுப்பாங்களா?"

"குனிஞ்சு போக்கா. கம்பியத் தொட்டுடாத."

மூட்டுவலிக்காரி முனகிக்கொண்டே தவழாத குறையாகக் கம்பிக்கு அடியில் புகுந்து போனாள்.

படகுத்துறை முழுக்க அவருக்குப் பிசிறு என்றுதான் பெயர். கூடப் பிறந்தவளே அப்படித்தான் கூப்பிடுவாள் என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டியதில்லை. எதை எடுத்தாலும் அதில் ஒரு பிசிறு கண்டுபிடித்துவிடுவார். கல்யாணத்தன்று போட்டோ எடுக்க வந்தவனிடம், உன் கேமரா நிற்கிற கால் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, மணமேடையிலிருந்து இறங்கிப் போய் அதன் திருகை முடுக்கிவிட்டு வந்தவர். மீன்பிடி ரீல்களைப் பழுது பார்ப்பதும், அவற்றில் புதிதாக நூலோ கம்பியோ சுற்றிக் கொடுப்பதும் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை.

நூல் சுற்ற ஒரு ஆள் போதும். கம்பிக்கு இரண்டு பேர் வேண்டும். ஆழத்தில் கிடக்கிற பெரிய மீனுக்காக விடுகிற எஃகுக் கம்பி அது. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒருவர் ரீலைச் சுற்ற வேண்டும், இன்னொருவர் கம்பி உருளையிலிருந்து வருவதை விரல்களுக்கு நடுவே அழுத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுவை கொஞ்சமும் மாறக் கூடாது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்களே, அது கம்பிக்குத்தான் சொன்னது. ஓர் இடத்தில் இளகிச் சுற்றிவிட்டால், மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கி இறுகிக்கொள்ளும். அப்புறம் கம்பி பட்டென்று அறும். மீனும் போகும், அருகில் நிற்பவனின் விரலும் போகும்.

இந்த வீட்டில் கம்பி பிடிப்பவள் அவள்தான். கல்யாணமான புதிதில் வேறு ஆள் இல்லாமல் ஒருநாள் பிடிக்கச் சொன்னார். அன்றோடு அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. மகளைப் பார்க்க வந்த அவள் அம்மா, அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா உன்னைக் கட்டிக் கொடுத்தோம்" என்று மூக்கைச் சிந்தினாள். அவளுக்கோ அந்த வேலை பிடித்திருந்தது. உள்ளுக்குள் இருப்பதைச் சொல்லாத மனிதர், கம்பியின் அந்த முனையில் இருந்தால் அவர் மனசு விரலில் தெரிந்தது. கோபமாக இருந்தால் கைப்பிடி விருட்டென்று சுற்றும். வருத்தம் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தயங்கும். அவள் பிடியைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. பிசிறிடம் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்ப்பவள் முட்டாள்.

காலையில் நர்ஸ் வந்திருந்தாள். நாடி பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு கை கழுவும் சாக்கில் அவளைக் கொல்லைக் குழாயடிக்கு அழைத்துப்போனாள்.

"இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்மா. வலி ரொம்ப இருக்கும், அவர்தான் வெளிய காட்டிக்கல. இந்தச் சொட்டு மருந்த நாக்குக்கு அடியில விடுங்க. வலி தெரியாமத் தூங்கிடுவாரு. ஆனா அப்புறம் கண்ணு முழிச்சுப் பேசுறது சந்தேகம்தான். யாராவது பார்க்கணும்னா முன்னாடியே வரச் சொல்லிடுங்க."

யார் பார்க்க வேண்டும்? ஒரே மகன். பஸ்ஸில் அரைநாள் தூரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அப்பாவும் மகனும் பேசி வருஷக்கணக்காகிறது. அவன் முன்பு விசைப்படகு ஓட்டும் டிரைவர் ஒருவரின் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் பெரிய மீன் ஒன்று கம்பியை இழுத்துக்கொண்டு ஓட, கூட இருந்தவனின் மணிக்கட்டைக் கம்பி சுற்றிக்கொண்டது. இவன் கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டிவிட்டான். அப்பா முந்தின நாள்தான் சுற்றிக் கொடுத்த புதுக் கம்பி அது. படகு கரைக்கு வந்தபோது, உன் பையன் கம்பியை வெட்டி மீனை விட்டுட்டான் என்று எவனோ ஒருவன் அவர் காதில் போட்டான். அவர் நேரே போய், துறையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மீசை வைத்த மகனைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்த பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் மூடியதுதான். மகன் அந்த வாரமே ஊரை விட்டுப் போனான்.

அம்மா போனில் விஷயத்தைச் சொன்னதும், "வர்றேன்" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கையைத் தொட்டாள். கை, வேறு யாருடையதோ மாதிரி லேசாகக் கிடந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே முன்னறைக்குப் போய், அலமாரியிலிருந்து டிரைவரின் ரீலை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"டிரைவருக்கு வாக்குக் கொடுத்தீங்களே. இப்படியே கிடக்குது."

அவர் கண்ணைத் திறந்தார். ரீலைப் பார்த்தார். ஏற்றுக்கொண்ட வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

"தலகாணி வச்சு என்னைத் தூக்கி உட்கார வை" என்றார்.

மருந்துப் புட்டியை எடுத்தபோது தலையை ஆட்டினார். "அத விட்டா விரல் மரத்துப்போகும். சுத்தி முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மடியில் பலகை, பலகையில் முடுக்கிய ரீல், வாசலில் அவள். அடுக்கு அடுக்காகக் கம்பி ஏறிக்கொண்டிருந்தபோது ஜன்னல்கட்டையில் இருந்த போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"அம்மா, பஸ் ஏறிட்டேன். ஆனா பாலத்துல தண்ணி ஏறிடுச்சாம். சுத்திக்கிட்டுத்தான் போவாங்களாம். வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலமா என்று அவள் மனம் திடுக்கிட்ட அந்தக் கணத்தில் வலது கை இளகிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக்கூட இல்லை. கைப்பிடி நின்றது.

"விட்டுட்ட."

"இல்லீங்க..."

"என்ன இல்லீங்க? என் கட்டைவிரலுக்குத் தெரியாதா? கம்பியக் கையில பிடிச்சுக்கிட்டுப் போன் பேசுவியா? அறிவிருக்கா உனக்கு? அவுரு. எல்லாத்தையும் அவுரு. முதல்லேருந்து!"

கத்தவில்லைதான், கத்த மூச்சில்லை. ஆனால் குரலில் பழைய காரம் இருந்தது. சாம்பல் பூத்திருந்த முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியது. காலையிலிருந்து வேண்டாம் என்று தள்ளிய பாலை வாங்கி இரண்டு வாய் குடித்தார். குடித்துவிட்டு, சீனி ஒரு கரண்டி கூட என்றார்.

அவள் கம்பியைத் திருப்பி உருளையில் சுற்றினாள். நிதானமாகச் சுற்றினாள். அப்படிச் சுற்றும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? மூழ்குகிறவளுக்குத் துரும்பு. உருளையை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மகனைக் கூப்பிட்டாள்.

"அப்பா கையில டிரைவரோட ரீலைக் கொடுத்திருக்கேன்டா. கம்பி சுத்திட்டு இருக்காரு."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு சிரிப்பு மாதிரி கேட்டது. "எடுத்த வேலைய முடிக்காம அவரு எங்கயும் போகமாட்டாரும்மா."

"முடிக்க விடமாட்டேன்டா. நீ வா."

வந்து மறுபடி வாசலில் நின்றாள். மறுபடி ஈரத்துணி. அவர் பாதி ரீலைத் தாண்டும்வரை ஒழுங்காகப் பிடித்தாள். பிறகு சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் விட்டாள். திருடத் தெரியாதவள் திருடுவது போல உடம்பெல்லாம் வியர்த்தது. கைப்பிடி நின்றது.

"மறுபடியும் விட்ட."

"கை வழுக்கிடுச்சுங்க."

"துணிய நல்லாப் பிழிஞ்சியா? சொட்டச் சொட்ட வச்சிருந்தா வழுக்காம என்ன செய்யும்? அவுரு."

திட்டினார், அவிழ்த்தாள். திட்டும்வரை உயிர் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்த வாயை அடக்க வழி தேடியவள், இன்று ஒரு வசவுக்காகக் காத்து நின்றாள். அவிழ்க்க ஒரு நேரம், திரும்பச் சுற்ற ஒரு நேரம், நடுவில் அவர் கண்ணை மூடிக் களைப்பாற ஒரு நேரம். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் கட்டில்காலை விட்டு நகர்ந்து சுவரில் ஏறியது.

ஆனால் கம்பியின் அந்த முனையில் என்ன நடக்கிறது என்பதும் அவள் விரலுக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நின்ற கைப்பிடி, பிறகு இரண்டுக்கு ஒருமுறை நின்றது. அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் நின்றது. நிற்கும்போது கம்பி மெல்ல அதிர்ந்தது. அது அவர் கை நடுக்கம் இல்லை, பல்லைக் கடிக்கிற நடுக்கம். கீழுதட்டில் பல் பதிந்த இடம் வெளுத்துக் கிடந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புட்டி ஜன்னல்கட்டையில் திறக்கப்படாமல் இருந்தது.

அக்கா அவள் காதருகே வந்தாள். "ஏன்டி அவனப் போட்டு வதைக்கிற? முகத்தப் பாரு. அந்த மருந்த விட்டுத் தொலையேன்."

"பையன் வந்துடட்டும் அண்ணி. ஒரு வார்த்தை பேசிக்கட்டும்."

"அவன் வர்றதுக்குள்ள இவன் படுற பாட்ட யாரு பாக்குறது?"

மகன் வருகிற வழியெல்லாம் அவள் மனசில் ஓடியது. சுற்றுவழி என்றால் எந்த வழி, எத்தனை ஊர், எங்கே நிற்பார்கள், டீக்கடையில் எவ்வளவு நேரம். கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடி சுண்டுவிரலை இளக்கினாள்.

கைப்பிடி நின்றது. இந்த முறை அவர் திட்டவில்லை. கட்டைவிரலால் கடைசிச் சுற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அக்கா" என்றார் பிறகு. "டிரைவர் வீட்டுக்குப் போயி, ரீலு இன்னிக்குத் தயாராயிடும்னு சொல்லிட்டு வா."

"இப்பவா? அவரு கேட்டாரா?"

"சொல்லிட்டு வாக்கா."

அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். பிறகு மனைவியைப் பார்த்தார். அவளுக்குத் தலை தானாகக் குனிந்தது.

"நீ கை தவறி விடுற ஆளில்ல" என்றார்.

அவள் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்காகவா?"

"வந்துட்டே இருக்கான். பாலத்துல தண்ணியாம், இல்லன்னா இந்நேரம் வந்திருப்பான்."

"நீ கூப்பிட்டியா, அவனா வர்றானா?"

"நான் சொன்னேன். உடனே வர்றேன்னுட்டான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசலைங்க."

அவர் முகம் என்னவோ ஆனது. பலகையில் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு அவன் வெட்டினது சரிதான்" என்றார். "அந்தக் கையி போயிருக்கும். நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன். இதச் சொல்லிடு அவன்கிட்ட."

"நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் வந்துடுவான். உங்க வாயால சொல்லுங்க, அவன் அதுக்காகத்தான் வர்றான்."

"நீ சொல்லு."

"நான் சொன்னா ஆச்சா? அடிச்சது நீங்க. சொல்றது மட்டும் நானா?" அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத்தனை நாள் பிடிச்ச பிடிவாதத்த இன்னும் கொஞ்ச நேரம் உயிர் மேல வைங்களேன். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், கண்ணை இறுக மூடினார். பலகை மடியில் ஆடியது. ரீலைப் பிடித்திருந்த கை முட்டிகள் வெளுத்தன. அது அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"வலிக்குதுடி."

தோணி கவிழ்ந்து விலா எலும்பு முறிந்தபோது சொல்லாத வார்த்தை. கம்பி கையைக் கிழித்துத் தையல் போட்டபோது சொல்லாத வார்த்தை. இந்த நோய் வந்த நாளிலிருந்து, டாக்டர் துருவித் துருவிக் கேட்டும், "பரவால்ல, இருக்கு" என்றுதான் சொல்லிவந்தார். அவளிடம் வேறு ஒன்றையும் கேட்காத மனிதர் இதைச் சொல்கிறார் என்றால் இதுதான் அவர் கேட்பது. அவள் மகனை நினைத்தாள். எங்கோ ஒரு பஸ்ஸின் ஜன்னலோரம், சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பான். முடிக்க விடமாட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். பெற்றவளின் வாக்கு. அவனை நினைத்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள். இங்கே இவர், கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார்.

கொல்லைக்குப் போய்த் துணியை நனைத்தாள். பிழிந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கம்பி முழுவதையும் அவிழ்த்து உருளையில் ஏற்றினாள். ரீலில் கம்பிக்கு அடியில் கிடக்கும் நூலை நீவிச் சரிபார்த்து, கம்பி முனையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். முடிச்சை அவர்தான் போட்டார். வாசலுக்குத் திரும்பி வந்து, கால்களை அகட்டி ஊன்றி நின்று, விரல்களை மூடினாள்.

"சுத்துங்க" என்றாள்.

அவர் சுற்றினார். அவள் பிடித்தாள். அறைக்குக் குறுக்கே கம்பி அசையாமல் நின்றது. நூல் பிடித்துக் கோடு போட்டால்கூட அவ்வளவு நேராக வராது. துணிக்குள்ளிருந்து சூடு ஏறியது. இரண்டு முறை தெருவில் ஏதோ வண்டி நின்றது. இரண்டு முறையும் அவள் மனம் தெருவுக்கு ஓடிற்று, கை ஓடவில்லை. அவர் ஒவ்வொரு சுற்றாக, மூச்சு எடுத்து, மூச்சு விட்டு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஒழுங்காக அடுக்கினார். நடுவில் ஒருமுறை கைப்பிடி அப்படியே நின்றுவிட்டது. இப்போது இளக்கினால் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் வந்துவிடும், அவனும் வந்துவிடுவான். சுண்டுவிரல் தானாக எழுந்தது. அவள் அதை மற்ற விரல்களோடு சேர்த்து அழுத்தினாள். அவ்வளவு அழுத்தத்தோடு வாழ்நாளில் அவள் எதையும் பிடித்ததில்லை. கைப்பிடி மறுபடி நகர்ந்தது.

உருளை காலியாயிற்று. கம்பியின் கடைசி முனையை மடக்கிச் செருகி, அதன்மேல் ஒட்டுநாடா சுற்றினார். ரீலைக் கண்ணுக்கு நேரே தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தூக்கிப் பிடித்தாள். அவர் குனிந்து ஓரத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு இழை ஏறியிருக்கு" என்றார். "உன் பிடியில்ல. என் கை."

"அதெல்லாம் தெரியாதுங்க."

"டிரைவருக்குத் தெரியும்" என்றார். தெரிந்தால் தெரியட்டும் என்பது போல ரீலைத் தள்ளி வைத்தார். பிசிறு ஒரு பிசிறை அப்படியே விட்டதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பலகையை எடுத்தாள். கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, சோப்புப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தாள். தலையணைகளை உருவிப் படுக்க வைத்தாள். பிறகு புட்டியைத் திறந்தாள். அவர் நாக்கைத் தூக்கிக் காட்டினார். சொட்டு விட்டாள். மூடியைத் திருகும்போது, "கசக்குது" என்றார். அவள் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். உதட்டில் பல் பதிந்த தடம் மெல்ல நிறம் மாறியது. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் வலி இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா திரும்பி வந்தபோது பேசிக்கொண்டேதான் வந்தாள். "டிரைவர் கோவிச்சுக்கிட்டாரு போ. உடம்பு சரியில்லாத நேரத்துல ரீலு என்ன ரீலுன்னு கேட்டாரு. அவர் பொண்டாட்டி டீ குடிச்சிட்டுத்தான் போகணும்னு பிடிச்சு உட்கார வச்சிட்டா. அவங்க வீட்டு நாய் வேற..." கட்டிலருகே வந்து நின்றாள். அவர் நெஞ்சு ஏறியது, இறங்கியது. வெகுநேரம் கழித்து ஏறியது, இறங்கியது. அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்து நின்றார்கள். சுவரில் ஏறிய வெயில் அங்கேயே இருந்தது. அக்காதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. நர்ஸ் வந்து பார்த்து, நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டார் நாற்காலிகள் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். டிரைவர் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். ரீலைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மகனின் போனுக்கு அக்கா கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிடப் போனவளை அவள் தடுத்துவிட்டாள். வழியில் தெரிய வேண்டாம் என்றாள். உண்மையில், சொல்வதாக இருந்தால் தானே சொல்ல வேண்டும் என்று இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். தெருமுனையிலேயே நாற்காலிகளைப் பார்த்திருப்பான். செருப்பைக் கழற்றாமல், முழங்கால்வரை சேறோடு, தோளில் பையோடு உள்ளே வந்தான். அக்கா குரலெடுத்து அழுதாள். அவன் அவளைத் தாண்டி வந்து கட்டிலருகே நின்றான். அப்பாவைப் பார்த்தான். முன்பை விட இளைத்திருந்தான், அல்லது மீசையை எடுத்திருந்ததால் அப்படித் தெரிந்தது. பிறகு அவன் கண் பக்கத்து ஸ்டூலுக்குப் போயிற்று. ஸ்டூலில் ரீல் இருந்தது.

அவன் அதைக் கையில் எடுத்தான். தொழிலில் வளர்ந்த பிள்ளை. கட்டைவிரலைக் கம்பிச் சுற்றின் மேல் வைத்து அழுத்தினான். கல் மாதிரி இருந்திருக்கும். மறுபடி அழுத்திப் பார்த்தான்.

"முடிச்சுட்டாரா?"

"ம்."

"நீதான் பிடிச்சியாம்மா?"

"நான்தான்டா பிடிச்சேன்."

அவன் ரீலை ஸ்டூலில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அவள் அவனை அண்ணாந்து பார்த்தாள். ஏதாவது கேட்பான், ஏசுவான், ஏன் என்பான் என்று நினைத்தாள். ஏசினால்கூடத் தாங்கலாம் போலிருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருடா" என்றாள். "அன்னிக்கு நீ வெட்டினது சரிதானாம். அவரா இருந்தாலும் வெட்டியிருப்பாராம். உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு."

அவன் முகத்தில் ஒன்று எழுந்து வந்தது. எழுந்து, பாதியில் நின்றது. அவளைக் கூர்ந்து பார்த்தான். பிறகு, கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"அவரு அப்படிச் சொல்ற ஆளில்லம்மா. எனக்காக நீயா ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சத்தியமாடா. இங்க உட்கார்ந்துதான்..."

"யாரு இருந்தா கூட?"

யாரும் இல்லை. அக்காவை அவர் அனுப்பிவிட்டிருந்தார்.

"சரிம்மா" என்றான். "சரி."

வாசலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பை இன்னும் அவன் தோளில் இருந்தது. வழியில் பட்ட சேறு அதிலும் தெறித்துக் காய்ந்திருந்தது. அதையாவது இறக்கி வைக்கட்டும் என்று அவள் கையை நீட்டி வாரைப் பிடித்தாள். அவன் விடவில்லை. அவளும் விடவில்லை. அடுப்பில் வெந்நீர் தளதளவென்று கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. யாராவது போய் இறக்குங்களேன் என்று முன்னறையிலிருந்து அக்கா சொன்னாள்.

இருவரும் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.